மூடி போடாத பிரட்டல்

சந்தையில் யாராவது பயத்தங்காயை ஒடித்துப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். என் கணவர் முதலில் இதை நம்பவில்லை. ஒருநாள் மலாக்கா பசாரில் எங்கள் பக்கத்தில் நின்ற சீனத்து அம்மாள் ஒருவர் டக், டக்கென்று காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டுகிற அளவுக்குக் கொட்டாவி விட்டேன். அன்றிலிருந்து நம்புகிறார். எல்லாம் எங்கள் வேன் அண்ணன் செய்த வேலை.

அப்போது நான் புக்கிட் ரம்பாயில் ஒரு பேக்டரியில் வேலை பார்த்தேன். மெர்லிமாவிலிருந்து எங்கள் பத்துப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போவதும் திரும்பக் கொண்டுவந்து இறக்குவதும் அவர் வேலை. ஐம்பது வயதிருக்கும். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கும். மழை பெய்தாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். நல்ல மனுஷர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். பயத்தங்காய் விஷயத்தில் மட்டும் சர்வாதிகாரி.

இரவு ஷிப்ட் காலை ஏழு மணிக்கு முடியும். கண் எரிய, கால் வீங்க, எப்போது சீட்டில் சாய்வோம் என்று வருவோம். சாய்ந்த மறுநொடி மடியில் ஒரு பிளாஸ்டிக் பை வந்து விழும். பை நிறைய பயத்தங்காய், பனி ஈரம் காயாமல்.

"தூங்காதீங்க லா. ஒடிச்சிட்டுத் தூங்குங்க. ஆளுக்கு ஒரு கைப்பிடிதான், எவ்ளோ நேரம் ஆவப் போவுது?"

கத்தி கூடாது. கத்தி பட்டால் காய் செத்துவிடும் என்பது அவர் கட்சி. விரலால் ஒடிக்க வேண்டும், ஒடிக்கும்போது சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் கேட்பதற்காக ரேடியோவைக் குறைத்து வைப்பார். வேன் உம்பாய் ஊரைத் தாண்டும்வரை பத்துப் பேரும் டக், டக், டக். நடுவில் யாருக்காவது முற்றல் காய் மாட்டி, ஒடியாமல் வளைந்து கொடுத்தால் முன்னாலிருந்து குரல் வரும்.

"கடைசி சீட்டு, லெப்ட்டு பக்கம். சத்தம் வரல பாரு. அதத் தூக்கி வெளிய போடு."

அவருக்குப் பின்னால் கண் இருந்ததோ இல்லையோ, காது நிச்சயம் இருந்தது. பார்வதி அக்கா ஒருநாள் வேண்டுமென்றே காயை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, நாக்கால் டக், டக்கென்று சத்தம் கொடுத்துப் பார்த்தாள். எங்களில் மூத்தவள், வாயாடி, அவரை எதிர்த்துப் பேச அவள் ஒருத்திக்குத்தான் தைரியம். வேனை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். "பார்வதி, அது காய் சத்தம் இல்ல" என்று மட்டும் சொன்னார். அவள் ஒடிக்க ஆரம்பித்த பிறகுதான் வேன் நகர்ந்தது.

காய் வாங்கும் இடம் பேக்டரிக்குப் பக்கத்துக் கிராமத்தில், கம்பம் என்போம், ஒரு மலாய் மாக்சிக் வீடு. மாக்சிக் என்றால் அத்தை மாதிரி. வாசலில் மேசை போட்டு வைத்திருப்பார். சில நாள் எங்களை ஏற்றிக்கொண்டும் அங்கே போவார். அண்ணன் விலை பேசி ஒருநாளும் பார்த்ததில்லை. நேரம்தான் பேசுவார். "பாரு பெத்திக் கா, மாக்சிக்?" இப்போதுதான் பறித்ததா என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு காம்பையும் அமுக்கிப் பார்ப்பார். ஈரம் கசிந்தால் சரி. கசியாவிட்டால் மாக்சிக்கைக் கெஞ்சி, கையோடு கொல்லைக்குக் கூட்டிப்போய், பந்தலடியில் நின்று விரலை நீட்டி நீட்டி, இது, அது, அந்தப் பக்கத்தில் தொங்குவது என்று பறிக்கச் சொல்வார். மாக்சிக் முணுமுணுத்துக்கொண்டே பறிப்பார். அந்த அம்மாளின் வீட்டுக்காரர்கூட அவரை இவ்வளவு வேலை வாங்கியிருக்க மாட்டார்.

ஒருமுறை வழியில் போலீஸ்காரர் ஒருவர் வேனை நிறுத்தினார். கதவைத் திறந்து பார்த்தால் பத்துப் பெண்கள், எல்லோர் மடியிலும் பயத்தங்காய், தரை முழுக்கக் காம்பு. மனுஷர் அப்படியே நின்றுவிட்டார். இது வேனா, பசாரா என்று மலாயில் கேட்டார். அண்ணன் லைசென்ஸை எடுப்பதற்கு முன்னால் ஒரு காயை எடுத்து அவரிடம் நீட்டி, நீங்களே ஒடித்துப் பாருங்கள் என்றார். போலீஸ்காரர் ஒடித்தார். டக். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் லைசென்ஸ் கேட்டார். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பி, "சத்தம் கேட்டீங்களா?" என்றார்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கி, இவ்வளவு பேர் தூக்கத்தைக் கெடுத்து ஒடித்த காயை அவர் வீட்டில் அவரே சமைப்பார். சமைத்து, முறை வைத்து எங்களுக்கும் டப்பாவில் கொடுப்பார். இங்கேதான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சமையல் வாயில் வைக்கச் சகிக்காது.

கெட்ட ருசி என்று சொல்ல முடியாது. கடுகு, காய்ந்த மிளகாய், வெங்காயம், தேங்காய்ப்பூ எல்லாம் சரியாக இருக்கும். காய்தான் வெந்திருக்காது. குவாலிச் சட்டியில் போட்டு நாலு பிரட்டு பிரட்டுவார். பச்சை நிறம் பளிச்சென்று ஏறும். அவ்வளவுதான், பதறிப்போய் அடுப்பை அணைத்துவிடுவார். இன்னும் கொஞ்சம் வைத்தால் நிறம் போய்விடுமாம். சோற்றோடு பிசைந்து வாயில் போட்டால் கடக் முடக்கென்று நமக்கே காது அடைக்கும். எங்கள் வீட்டில் அதைத் தின்றுகொண்டு யாராலும் டிவி பார்க்க முடியாது. அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, டப்பாவை அப்படியே சட்டியில் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து மறுபடியும் அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

மறுநாள் காலை வேனின் பின்பார்வைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

"நேத்து எப்படிம்மா இருந்துச்சு?"

"கலரு சூப்பர்ண்ணே" என்பேன். அது பொய்யில்லை.

"சத்து அப்படியே இருந்துச்சுண்ணே" என்பாள் பார்வதி அக்கா. அதுவும் பொய்யில்லை.

ருசி என்ற சொல்லை வேனில் யாரும் பயன்படுத்தியதில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொள்வார், ஆனால் முகத்தில் ஒரு திருப்தி வராது. பத்துப் பேர் புகழ்ந்தும் இவருக்கு ஏன் போதவில்லை என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.

எங்கள் வீடு அதே தாமான் குடியிருப்பில், அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அவர் மனைவியைப் பார்ப்பேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு குறைவு, பார்வை அதிகம். ஒருநாள் மத்தியானம் போனபோது இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் சோறு, மீன் குழம்பு, ரசம், எல்லாம் அக்கா ஆக்கியது. நடுவில் பச்சைப் பசேலென்று அவருடைய பிரட்டல். அக்கா குழம்பை எடுத்தார், ரசத்தை எடுத்தார், அப்பளத்தை எட்டி எடுத்தார். பிரட்டல் பக்கம் மட்டும் கை போகவில்லை. அண்ணன் கடக் முடக்கென்று மென்றுகொண்டே அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

கொல்லையில் டப்பா கழுவும்போது அக்காவிடமே கேட்டுவிட்டேன். "ஏன்க்கா, உங்களுக்குப் பயத்தங்காய் ஆவாதா?"

"எனக்கா? எனக்கு உசுரு லா அது" என்றார்.

பிறகு சொன்னார். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஈப்போவிலிருந்து அக்காவின் அண்ணன் வந்திருக்கிறார். அக்கா பயத்தங்காய் வைத்திருக்கிறார். பேச்சு சுவாரஸ்யத்தில் அடுப்பை மறந்து, காய் நிறம் மாறிவிட்டது. நம் ஆள் அதைக் கரண்டியில் தூக்கிக் காட்டி, "மச்சான், கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஆர்மிகாரன் சட்டை கலர்ல இருக்கு. ஒரு தட்டு சாப்பிட்டீங்கன்னா கையில துப்பாக்கி குடுத்துருவாங்க" என்று சொல்லியிருக்கிறார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அக்கா சிரிக்கவில்லை.

"சண்டை போட்டீங்களா?"

"நான் ஏன் சண்டை போடுறேன்? மறுநாளு காய் வாங்கிட்டு வந்தாரு. பைய அவரு கையிலயே குடுத்துட்டேன். 'பச்சையா வேணும்னா நீங்களே ஆக்கிக்குங்க'ன்னேன். அன்னிலேருந்து அவருதான் ஆக்குறாரு. நான் தொடல."

"வாயில கூட வைக்கலியா?"

"அவரு சாப்பிடச் சொல்லிக் கேக்கலியே."

எங்கள் பத்துப் பேர் தூக்கமும் இந்த ஒரு துப்பாக்கிப் பேச்சுக்குத்தான் பலியாகிக்கொண்டிருந்தது. அக்கா சாப்பிட்டால் போதும், அதற்காகத்தான் மனுஷர் மாக்சிக்கின் பந்தலடியில் தவம் கிடக்கிறார். ஆனால் இன்னும் நாலு நிமிஷம் வேகவிடவும் முடியாது. நிறம் மாறினால் தன் வாயாலேயே தான் தோற்றதாகிவிடும். வாயைத் திறந்து சாப்பிடு என்று கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். அது மட்டும் வரவில்லை. ஆம்பிளைகளுக்கு இந்த வியாதிக்கு மருந்தே கிடையாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் அதையேதான் நினைக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஈப்போ மச்சான் மறுபடியும் வருகிறார் என்று சேதி வந்தது. நடுவில் அவர் வராமல் இல்லை, ஆனால் கோயில், கல்யாணம் என்று வெளியிலேயே பார்த்துப் போய்விடுவார். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே சாப்பிட வருகிறார். அந்த வாரம் முழுக்க வேனில் எங்களுக்கு நிம்மதி இல்லை.

"நீளம் ஒண்ணு போல இருக்கணும். விரல்ல ரெண்டு கணு. யாராச்சும் மூணு கணு வச்சீங்க, அவ்ளோதான்."

"அண்ணே, உங்க மச்சான் காய் அளக்கவா வர்றாரு?" என்று பார்வதி அக்கா கேட்டாள்.

அவர் ரேடியோவை இன்னும் கொஞ்சம் குறைத்தார். எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக எங்கள் தாமானுக்குள் திரும்பும்போது, என்னிடம் மட்டும் சொன்னார். "மச்சான் என்னா வேணா சொல்லிட்டுப் போவட்டும்மா. அவ ஒரு வாய் சாப்பிட்டா போதும்." கறுப்புக் கண்ணாடி இருந்தது நல்லதாகப் போயிற்று. என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடிந்திருக்காது.

ஞாயிறு காலையில் ஒத்தாசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா கோழிக் குழம்பு, கத்திரிக்காய், பாயாசம் என்று காலையிலேயே முடித்துவிட்டுக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அடுப்படியை அண்ணன் எடுத்துக்கொண்டார். குளித்து, விபூதி பூசி, பனியன் மாற்றி, கல்யாண மாப்பிள்ளை போல் நின்றார். கடுகு வெடித்தது. வெங்காயம் வதங்கியது. காயைப் போட்டார். நாலு பிரட்டு. பச்சை ஏறியது. அடுப்பை அணைத்தார்.

"பாத்தியா கலர?" என்றார்.

"சூப்பர்ண்ணே" என்றேன், வழக்கம்போல.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மச்சானின் போனில் வழி சொல்லும் பெண்குரல் அவரைச் செம்பனைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டதாம். சுற்றிலும் மரம்தான் தெரிகிறது, ஒரு மாடு வேறு முறைக்கிறது என்று புலம்பினார். அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வேன் சத்தம் தேய்ந்ததும் அக்கா அடுப்படிக்குள் வந்தார். குவாலியைப் பார்த்தார். ஒரு காயை எடுத்து வாயில் போட்டார். கடக். எனக்குத் தெரிந்து அத்தனை வருஷத்தில் அவர் அதை வாயில் வைத்தது அதுதான் முதல் முறை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்து, ஒரு கை தண்ணீரைத் தெளித்து, அலமாரிக்கு மேலிருந்து ஒரு மூடியை எடுத்துத் துடைத்துக் குவாலியை மூடினார். அந்த வீட்டில் அந்தக் குவாலிக்கு மூடி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"என்னா பாக்குற? அண்ணன் ஈப்போலேருந்து வருது. பச்சக் காயத் தின்னு வயிறு வலிச்சா யாரு பாக்குறது?" என்றார்.

பக்கத்திலேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். ஆவி அடங்கியபோது உள்ளே காய் அதே பச்சையில் இருந்தது. ஆனால் விறைப்பு போய், எண்ணெய் மினுக்கோடு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. மூடியைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மச்சான் வந்து சேர்ந்தார். மாட்டுக் கதையை இரண்டு தடவை சொன்னார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் பிரட்டலைத் தானே எடுத்து மச்சான் தட்டில் வைத்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி காத்திருந்தார்.

மச்சான் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். "அட, என்னா மாப்ள இது! ஈப்போல எந்தக் கடையிலயும் இப்படிக் கிடைக்காது. இன்னும் கொஞ்சம் வையுங்க" என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்தது. தானும் ஒரு வாய் போட்டார். மென்றார். மெல்வது நின்றது. சத்தம் வரவில்லை.

வேனின் கடைசி சீட்டில் ஒரு காய் ஒடியாததைக் கண்டுபிடிக்கிற காது அது. தன் வாய்க்குள் நடந்தது தெரியாமல் போகுமா? நான் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அண்ணன் எழுந்து, தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனார். ஆணியில் மூடி தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அவர் கொஞ்ச நேரம் நின்றார். நாங்கள் ஒடித்த காய்க்கெல்லாம் இன்றைக்குக் கணக்கு முடிந்தது, சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அக்கா ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

அண்ணன் திரும்பி வந்தார். தண்ணீர் கொண்டுவரவில்லை.

"மச்சான், இத நான் ஆக்கல" என்றார். "நான் காய் ஒடிச்சதோட சரி. ஆக்குனது ஒங்க தங்கச்சி."

ஒடித்ததும் அவர் இல்லை, நாங்கள் பத்துப் பேர். அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் கரண்டியை எடுத்தார். அக்காவின் தட்டுப் பக்கம் நீட்டினார். "நீயும் கொஞ்சம் சாப்பிடேன்" என்றார். ஒரு சின்ன வாக்கியம். அதைச் சொல்ல அவருக்கு எத்தனை கிலோ பயத்தங்காய் வேண்டியிருந்தது!

அக்கா அவரைப் பார்த்தார். தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். அவர் வைத்தார். அக்கா ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். அண்ணன் கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தார். மச்சான் கூட மாட்டை மறந்துவிட்டார்.

"உப்பு பத்தல" என்றார் அக்கா.

அண்ணன் அடுப்படிக்கு ஓடிய ஓட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். உப்பு ஜாடியோடு சர்க்கரை ஜாடியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதோடு எங்களுக்கு விடுதலை என்று நினைத்தேன். திங்கட்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து மறுநாள் காலையில் வேனில் ஏறினால், மடியில் அதே பை. ஆனால் அண்ணன் ரேடியோவைக் குறைக்கவில்லை. பழைய பாட்டு ஒன்றுக்குத் தாளம் போட்டுக்கொண்டு, "பிரட்டலுக்கு மூடி போடணும் தெரியுமா? கடைசியில கொஞ்ச நேரம். நான் ரொம்ப நாளு யோசிச்சது இது" என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். பார்வதி அக்கா என்னைப் பார்த்தாள். நான் கொட்டாவி விட்டேன்.

தாமானில் திரும்பியபோது அக்கா கேட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஒருநாளும் அந்த நேரத்தில் அவரை வெளியில் பார்த்ததில்லை. வேன் நின்றதும் கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்னா, இம்மாம் நீளம்? யாரு ஒடிச்சது?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. திரும்பி, நேராக என்னைக் கையால் காட்டினார்.

"இந்தப் பொண்ணுதான். எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டா."

எத்தனை வருஷம் அவருக்காகத் தூக்கத்தை விட்டு ஒடித்தவள் நான். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக என்னை யாரும் காட்டிக்கொடுத்ததில்லை.